வீட்டுக்காரரும் சர்க்காரும்

எங்க கோவில்பத்துல ஒரு வீட்டுக்காரர். அவர் கட்சியைக் குடித்தனக்காரர் திண்ணையில உட்கார்ந்து திட்டிட்டார். மறுநாளே உத்தரவு: "கொல்லையில கொட்டகை போட்டது தப்பு, காலி பண்ணுங்க!" அந்தக் கொட்டகை ஆறு வருஷமா அங்கேதான் இருக்கு! (சிரிப்பு)

டில்லியிலும் இதே கதைதான். 1975 ஜூன் 25 இரவு, நெருக்கடி நிலையின்போது, பத்திரிகை அலுவலகத் தெருவிலே மின்சாரத்தை நிறுத்தினார்கள். 'இந்தியன் எக்ஸ்பிரஸ்' ராம்நாத் கோயங்கா பணியவில்லை. 1977இல் தோற்ற இந்திரா காந்தி, 1980 ஜனவரியில் மீண்டும் ஆட்சிக்கு வந்தார். மார்ச்சிலேயே எக்ஸ்பிரசுக்கு நோட்டீஸ்: "புதுக் கட்டடத்தில் விதிமீறல், குத்தகை நிலத்தைத் திரும்ப எடுப்போம்." முந்தைய ஆட்சி அனுமதித்த கட்டடம் அது! 1985 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அந்த நோட்டீசை ரத்து செய்தது.

தப்பு இருந்தா தண்டிக்கட்டும், வேண்டாங்கலே. ஆட்சி மாறினதும்தான் அது கண்ணுக்குத் தெரியுமா?

நியாயம் கிடைக்க ஐந்தரை வருஷம்! கோயங்காவுக்கு வக்கீல் வைக்க வசதி இருந்தது. நம்மூர்ச் சின்ன அச்சகக்காரர் என்ன செய்வார்? நோட்டீஸ் வருமுன்பே வாயை மூடிக்குவார். அப்புறம் நம்ம கஷ்டத்தை யாருங்க எழுதுவா? (கைதட்டல்)