கிரகண இரவு

2025ஆம் ஆண்டு செப்டம்பர் 7. ஞாயிற்றுக்கிழமை. அன்று பௌர்ணமி.

இந்தியா முழுவதும் அன்று சந்திர கிரகணம். இரவு 9 மணி 57 நிமிடத்துக்கு நிலாவின் ஓரத்தில் நிழல் விழத் தொடங்கியது. 11 மணிக்கு நிலா முழுவதும் நிழலுக்குள் போய்விட்டது. 82 நிமிடம் உள்ளேயே இருந்தது. பிறகு மெல்ல வெளியே வந்தது. நிழல் முழுவதும் விலகியபோது நள்ளிரவு 1 மணி 26 நிமிடம்.

மழைக்காலம் என்பதால் சில ஊர்களில் மேகம் மறைத்தது. மேகம் இல்லாத ஊர்களில் பலர் மொட்டை மாடியில் பாய் விரித்துப் படுத்து வானத்தைப் பார்த்தார்கள். குழந்தைகளைத் தட்டி எழுப்பிக் காட்டினார்கள். வேறு பலர் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் இருந்தார்கள்.

பீகார் மாநிலத்தில், பாட்னா நகருக்குத் தெற்கே, மசௌரி என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்குள்ள ரயில் நிலையத்தின் பெயர் தாரேகனா. விண்மீன்களை எண்ணுவது என்று அதற்குப் பொருள் சொல்கிறார்கள். ஆரியபட்டர் அங்கிருந்துதான் வானத்தைப் பார்த்தார் என்பது அந்த ஊர் மக்களின் நம்பிக்கை. ஆரியபட்டர் யார்? அதைப் பிறகு பார்ப்போம்.

அந்தப் பக்கத்துக் கிராமத்தில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் மூன்று பேர். மாமியார், மருமகள், பள்ளியில் படிக்கும் மகள். மகன் சூரத்தில் வேலை செய்கிறான். மருமகள் ஏழு மாத கர்ப்பிணி.

கிரகணம் இரவுதான். ஆனால் கட்டுப்பாடு பகலிலேயே தொடங்கிவிடுகிறது. சந்திர கிரகணத்துக்கு ஒன்பது மணி நேரம் முன்பே தீட்டு என்று பஞ்சாங்கம் சொல்கிறது. சூதக் என்பார்கள் அங்கே. அன்று பகல் 12 மணி 57 நிமிடத்துக்கே சூதக் தொடங்கியது. அதன் பிறகு அடுப்பு எரியக் கூடாது. சாப்பிடக் கூடாது. கர்ப்பிணி கத்தியைத் தொடக் கூடாது. ஊசி நூல் எடுக்கக் கூடாது. தூங்கவும் கூடாது. சில வீடுகளில் வயிற்றில் காவி மண்ணைப் பூசுவார்கள்.

பகல் ஒரு மணி முதல் நள்ளிரவு ஒன்றரை மணி வரை எத்தனை நேரம்? பன்னிரண்டரை மணி நேரம். வயிற்றில் பிள்ளை உள்ள பெண் அத்தனை நேரம் சோறும் இல்லாமல், தண்ணீரும் இல்லாமல் இருக்க வேண்டும். செப்டம்பர் மாதப் புழுக்கத்தில், காற்று வராத அறையில்.

அந்த மாமியார் கெட்டவர் அல்ல. அவருக்குப் பயம். பல ஆண்டுகளுக்கு முன் பக்கத்துத் தெருவில் ஒரு குழந்தை பிளந்த உதட்டுடன் பிறந்தது. தாய் கிரகணத்தின்போது காய் நறுக்கினாள், அதனால்தான் என்று ஊரே சொன்னது. அந்தத் தாய் பிறகு எந்த விசேஷத்துக்கும் போனதில்லை.

“நம் வீட்டுக்கு அந்தப் பழி வேண்டாம்” என்றார் மாமியார்.

மருமகள் எதுவும் பேசவில்லை. மகள்தான் பேசினாள்.

“அம்மா, இன்று நாடு முழுவதும் கிரகணம் தெரியும். நம் நாட்டில் மட்டும் ஒரு கோடிக்கு மேல் கர்ப்பிணிகள் இருக்கிறார்கள். எல்லோருமா கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிறார்கள்? கிரகணத்தால் உதடு பிளக்கும் என்றால் எத்தனை லட்சம் குழந்தைகளுக்குப் பிளந்திருக்க வேண்டும்?”

மகள் கேட்டது நல்ல கேள்வி. மாமியாரிடம் அதற்குப் பதில் இல்லை. ஆனாலும் பயம் போகவில்லை. ஒரு கேள்வியில் பயம் போய்விடுமா?

மாலையில் ஆஷா பணியாளர் வந்தார். கிரகணம் பற்றிப் பேச அவர் வரவில்லை. இரும்புச்சத்து மாத்திரை கொடுக்க வந்தார். மருமகளின் வறண்ட உதட்டைப் பார்த்தார். எப்போது சாப்பிட்டாய் என்று கேட்டார். காலையில் என்றாள் மருமகள்.

ஆஷா பணியாளர் மாமியார் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“அம்மாஜி, வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு உதடு எப்போது சேருகிறது தெரியுமா? இரண்டாம் மாதத்திலேயே சேர்ந்துவிடும். மேல் அண்ணம் மூன்றாம் மாதத்துக்குள் மூடிவிடும். இவளுக்கு இப்போது ஏழு மாதம். சேர்ந்த உதட்டை நிலா வந்து பிளக்காது.”

ஆஷா பணியாளர் சொன்னது சரி. உலகம் முழுவதும் சுமார் 700 குழந்தைகளில் ஒன்று பிளந்த உதட்டுடனோ பிளந்த அண்ணத்துடனோ பிறக்கிறது. கிரகணம் வந்த ஆண்டிலும் பிறக்கிறது, வராத ஆண்டிலும் பிறக்கிறது. சில குடும்பங்களில் இது பரம்பரையாக வரும். கர்ப்ப காலத்தில் புகை பிடிப்பது, சில மருந்துகள், சத்துக் குறைவு ஆகியவையும் காரணமாகலாம். பல நேரங்களில் இதுதான் காரணம் என்று மருத்துவராலும் சொல்ல முடியாது. தாய் செய்த குற்றம் என்று எந்த மருத்துவரும் சொல்வதில்லை.

அப்படிப் பிறந்த குழந்தையை மறைத்து வைக்கவும் வேண்டாம். அறுவை சிகிச்சையால் உதட்டைச் சேர்த்துவிடலாம். குழந்தைக்குச் சில மாதம் ஆனதும் செய்வார்கள். 2013ஆம் ஆண்டு முதல் மத்திய அரசின் குழந்தை நலத் திட்டம் ஒன்றில் இதற்கு இலவச சிகிச்சை உண்டு. அரசு மருத்துவமனையில் விசாரித்தால் வழி சொல்வார்கள்.

ஆனால் பட்டினி? அது தாயையும் பிள்ளையையும் நிச்சயம் பாதிக்கும். தண்ணீர் குடிக்காமல் இருந்தால் தலை சுற்றும், மயக்கம் வரும். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ ஊசியோ போடுகிறவர் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும். உயிருக்கே ஆபத்து. கிரகணத்தால் வருகிற கெடுதல் என்று ஒன்று உண்டு என்றால், அது இந்தப் பட்டினிதான்.

சரி, கிரகணம் என்பது என்ன?

இரவு எட்டு மணிக்கு மகள் அதை முற்றத்தில் செய்து காட்டினாள். ஒரு திண்ணையில் விளக்கை வைத்தாள். அதுதான் சூரியன். கையில் ஒரு தேங்காய். அது பூமி. இன்னொரு கையில் சிறிய எலுமிச்சம்பழம். அது நிலா. தேங்காயை விளக்குக்கு நேரே பிடித்தாள். பின்பக்கம் நிழல் விழுந்தது. எலுமிச்சம்பழத்தை அந்த நிழலுக்குள் கொண்டு போனாள். பழத்தின் மேல் இருந்த வெளிச்சம் போய்விட்டது. மறுபக்கமாக வெளியே எடுத்தாள். வெளிச்சம் வந்துவிட்டது.

இவ்வளவுதான் சந்திர கிரகணம்.

நிலாவுக்குச் சொந்த வெளிச்சம் இல்லை. சூரிய ஒளி அதன் மேல் படுகிறது, நமக்குத் தெரிகிறது. பூமி நடுவில் வந்து அந்த ஒளியை மறைக்கிறது. நம் நிழல் சுவரில் விழுவது போல, நாம் நிற்கும் பூமியின் நிழல் நிலாவில் விழுகிறது.

தேங்காயும் எலுமிச்சையும் அளவில் ஏறக்குறையப் பொருத்தம்தான். பூமியின் குறுக்களவு சுமார் 12,700 கிலோமீட்டர். நிலாவின் குறுக்களவு சுமார் 3,500 கிலோமீட்டர். தூரத்தைத்தான் முற்றத்தில் காட்ட முடியாது. தேங்காய் அளவுக்குப் பூமி என்றால், எலுமிச்சையைப் பன்னிரண்டு அடி தள்ளிப் பிடிக்க வேண்டும். உண்மையில் நிலா நம்மிடமிருந்து சுமார் 3,84,000 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. அங்கே பூமியின் நிழல் சுமார் 9,000 கிலோமீட்டர் அகலம். இரண்டரை நிலாவை வரிசையாக வைத்தாலும் அந்த நிழலுக்குள் அடங்கிவிடும். நிலா நிழலுக்குள் நுழைந்து மறைய ஒரு மணி நேரம் ஆகிறது. முழுவதும் கடந்து வெளியே வர மூன்றரை மணி நேரம் ஆகிறது. அதனால்தான் கிரகணம் பார்க்க விழித்திருக்க வேண்டியிருக்கிறது.

“அப்படியென்றால் எல்லாப் பௌர்ணமிக்கும் கிரகணம் வர வேண்டுமே?” என்றாள் மருமகள். அன்று அவள் பேசிய முதல் பேச்சு அது.

மகள் அண்ணியின் கையிலிருந்து இரண்டு வளையல்களைக் கழற்றினாள். ஒன்றைத் தரையில் படுக்க வைத்தாள். மற்றதை அதன் மேல் சற்றுச் சாய்த்துப் பிடித்தாள். நிலா சுற்றும் பாதை இப்படித்தான் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. ஐந்து டிகிரி சாய்வு. ஆகவே பெரும்பாலான பௌர்ணமிகளில் நிலா நிழலுக்கு மேலேயோ கீழேயோ போய்விடுகிறது. இரண்டு வளையல்களும் வெட்டிக்கொள்ளும் இடங்கள் இரண்டே இரண்டு. பௌர்ணமி நிலா அந்த இடத்துக்கு அருகில் இருந்தால்தான் கிரகணம்.

பஞ்சாங்கக் கணக்கில் அந்த இரண்டு இடங்களுக்கும் என்ன பெயர் தெரியுமா? ராகு, கேது. நிலாவை விழுங்கும் பாம்பு என்று கதை சொல்லும் அதே பெயர்கள். கணக்குப் போடுகிறவர் பாம்பைத் தேடுவதில்லை. பாதை வெட்டும் இடத்தைத்தான் தேடுகிறார். அதனால்தான் பஞ்சாங்கத்தில் நேரம் நிமிடம் தவறாமல் வருகிறது.

இனி ஆரியபட்டர். கி.பி. 476இல் பிறந்தவர். 23 வயதில், 499ஆம் ஆண்டை ஒட்டி, ‘ஆரியபட்டீயம்’ என்ற நூலை எழுதினார். குசுமபுரம் என்ற ஊரில் கற்றவர். அதுதான் இன்றைய பாட்னா என்கிறார்கள். நிலாவை மறைப்பது பூமியின் நிழல், சூரியனை மறைப்பது நிலா என்று அவர் அந்த நூலில் எழுதினார். நிழல் எவ்வளவு நீளம் என்று கணக்கிடவும் வழி சொன்னார். 1975இல் இந்தியா தன் முதல் செயற்கைக்கோளுக்கு அவர் பெயரைத்தான் வைத்தது. ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுக்கு முன் அவர் சொன்னதைத்தான் அந்தப் பெண் தேங்காயை வைத்துச் சொன்னாள்.

மணி பத்தானது. நிலாவின் ஓரம் கறுத்தது. யாரோ கடித்த அப்பளம் போல இருந்தது. நிழலின் ஓரம் வளைவாக இருந்தது. எந்தக் கிரகணத்திலும் அது வளைவாகத்தான் இருக்கும். பூமி உருண்டை என்பதற்கு அது ஒரு சாட்சி.

11 மணி ஆனது. நிலா மறைந்துவிடவில்லை. செம்பு நிறமாக மாறியது. பழைய செப்புக் குடம் ஒன்று வானத்தில் தொங்குவது போல இருந்தது. அதுவரை நிலா வெளிச்சத்தில் தெரியாமல் இருந்த விண்மீன்கள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வெளியே வந்தன.

நிழலுக்குள் போன நிலாவுக்குச் சிவப்பு எங்கிருந்து வந்தது? பூமியைச் சுற்றிக் காற்று இருக்கிறது. சூரிய ஒளி அந்தக் காற்றைக் கடக்கும்போது நீல நிறம் சிதறிவிடுகிறது. சிவப்பு மட்டும் வளைந்து நிழலுக்குள் போகிறது. காலையிலும் மாலையிலும் வானம் சிவப்பதும் இதனால்தான். அந்த நேரத்தில் உலகில் எங்கெல்லாம் விடிகிறதோ, எங்கெல்லாம் பொழுது சாய்கிறதோ, அத்தனை ஊர்ச் சிவப்பும் சேர்ந்து நிலாவில் விழுகிறது.

காற்றில் தூசி அதிகமானால் சிவப்பும் குறையும். 1991இல் பிலிப்பைன்ஸ் நாட்டில் பினாட்டுபோ எரிமலை வெடித்தது. அதன் தூசி உலகம் முழுவதும் பரவியது. 1992 டிசம்பரில் வந்த கிரகணத்தில் நிலா மிகவும் கறுத்துப் போயிருந்தது.

நிலாவை வெறும் கண்ணால் பார்க்கலாம். கண்ணுக்கு ஒன்றும் ஆகாது. குழந்தைகள் பார்க்கலாம், கர்ப்பிணிகள் பார்க்கலாம். சூரிய கிரகணம் வேறு. அதை யாருமே வெறும் கண்ணால் பார்க்கக் கூடாது. பார்வை போய்விடும். அதற்கென்று உள்ள கண்ணாடி வேண்டும். இரண்டையும் ஒன்றாக நினைத்துப் பயப்படுகிறவர்கள் உண்டு. 1980 பிப்ரவரி 16இல் சூரிய கிரகணம் வந்தபோது பெரிய நகரங்களிலும் தெருக்கள் வெறிச்சோடிக் கிடந்தன.

அந்த வீட்டுக்குத் திரும்புவோம். மாமியார் வெளியே வரவில்லை. சாமி படத்தின் முன்னால் உட்கார்ந்து ஜபம் செய்துகொண்டிருந்தார். ஆனால் ஆஷா பணியாளர் போன பிறகு அவர் ஒரு காரியம் செய்திருந்தார். சத்து மாவைத் தண்ணீரில் கரைத்து, உப்பும் எலுமிச்சையும் சேர்த்து, அதில் ஒரு துளசி இலையையும் போட்டு, மருமகளிடம் கொடுத்தார். இரண்டு ரொட்டியும் கொடுத்தார். துளசி அவருடைய நம்பிக்கை. ரொட்டி அந்தப் பெண்ணின் பசிக்கு.

மருமகள் முற்றத்துக் கட்டிலில் சாய்ந்து படுத்திருந்தாள். பக்கத்தில் தண்ணீர்ச் செம்பு இருந்தது. வயிற்றில் பிள்ளை உதைத்தது.

“அம்மாஜி, ஒரு நிமிடம் வந்து பாருங்கள்” என்று கூப்பிட்டாள்.

“நான் வரவில்லை. நீ பார்த்துச் சொல்” என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து, “இப்போது என்ன நிறம்?” என்ற கேள்வியும் வந்தது.

2028 டிசம்பர் 31 இரவும் முழு சந்திர கிரகணம் வருகிறது. இந்தியா முழுவதும் தெரியும். பத்து மணியை ஒட்டி நிலா செம்பு நிறமாக இருக்கும். நள்ளிரவில் புது ஆண்டு பிறக்கும் நேரத்தில் நிழலின் கடைசி ஓரம் விலகிக்கொண்டிருக்கும். அது மார்கழிக் குளிர். மாடிக்குப் போகிறவர்கள் கம்பளியை எடுத்துக்கொண்டு போக வேண்டும்.