மடியிற் கனம்

யாழ்ப்பாணத்து வேட்டிக்கு மடி உண்டு, பை இல்லை. வெற்றிலை, பாக்கு, சில்லறைக் காசு, புகையிலைத் துண்டு, பெட்டகத்துத் திறப்பு ஆகிய யாவும் அந்த மடிக்குள்ளேயே அடங்கவேண்டும். அவை சிந்தாதிருக்கும் பொருட்டே நம் முன்னோர் பனையோலையினாற் கொட்டைப்பெட்டி இழைத்துக் கொண்டார்கள். மடியிற் கனமிருந்தால் வழியிற் பயம் என்று முதன்முதற் சொன்னவர் பணத்தை எண்ணியே சொல்லியிருப்பார். எங்கள் அம்மானின் மடியிலோ ஓராண்டுக்கு மேலாக வேறொரு கனம் இருந்தது. அது குறுங்குழற் சுழல்துப்பாக்கி ஒன்று. அக்காலத்து வழக்கிற் சொன்னால் 'றிவோல்வர்'.

அம்மான் மலாயாவிலே றப்பர்த் தோட்டத்துக் கிராணியாராக இருந்தவர். 1948ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அங்கே அவசரகாலநிலை பிரகடனம் செய்யப்பட்டது. காட்டுக்குள்ளிருந்த கம்யூனிஸ்ட் கெரில்லாக்கள் தோட்டங்களைத் தாக்கத் தொடங்கவே, துரைமாருக்கும் அவர்களுக்குக் கீழே கடமை பார்த்த சிலருக்கும் ஆயுதம் வழங்கப்பட்டது. சம்பளக் காசு கொண்டுவரும் நாட்களில் அம்மான் இடுப்பில் றிவோல்வருடன் லொறியில் ஏறுவாராம். எட்டு ஆண்டுகளில் ஒரு தடவையேனும் அதை மனிதன்மேற் சுட நேரவில்லை என்று அவர் சொல்லியிருக்கிறார். அதைச் சொல்லும்போது அவர் முகத்திற் பெருமிதத்தைக் காட்டிலும் ஆறுதலே மிகுந்திருக்கும்.

1956இல் ஊருக்குத் திரும்பியவர், தமையனாரின் புகையிலை வியாபாரத்தில் கைகொடுத்தார். வியாபாரம் என்றாற் காசு, காசென்றாற் பிரயாணம். 1958ஆம் ஆண்டு மே மாதத்துக் கலவரம் வந்தது. தெற்கிலிருந்து கப்பல்களில் வந்திறங்கிய அகதிகளை அவர் பார்த்துவிட்டு வந்த மறுநாளே, பழைய பூங்காவுக்கு அருகிலிருந்த கச்சேரிக்கு மனுவோடு போனார். 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கத் துப்பாக்கிச் சட்டத்தின்படி, அநுமதிப்பத்திரம் இன்றி எவரும் துப்பாக்கி வைத்திருத்தல் ஆகாது; பெற்ற பத்திரத்தையும் ஆண்டுதோறும் புதுப்பிக்கவேண்டும். எங்கள் பகுதியிற் பத்திரம் பெற்றவர்களிற் பெரும்பாலோர் வைத்திருந்தவை வௌவால் சுடவும் கள்வரை வெருட்டவுமான நீண்ட துவக்குகளே. கைத்துப்பாக்கி கேட்டவரை விதானையார் ஏற இறங்கப் பார்த்தாராம். ('துவக்கு', 'துப்பாக்கி' ஆகிய இரண்டுமே துருக்கி மொழிச் சொல்லொன்றின் வழிவந்தவை. சிங்களவரும் 'துவக்குவ' என்றே சொல்லுகின்றனர். இந்த ஒரு சொல்லிலாவது இரு சாராருக்கும் பிணக்கில்லை.)

எதை வாங்குவது என்பதில் அம்மான் பட்ட பாட்டைச் சிறுவனாகிய நான் அருகிருந்து பார்த்தேன். கொழும்புக் கடையில் அவருக்கு முதலிற் காட்டியது தட்டையான தன்னியக்கப் பிஸ்ரல். இடுப்பிற் செருகினால் வெளியே தெரியாது என்பது அதன் சிறப்பு. அவர் அதை வேண்டாமென்றார். பிஸ்ரலின் பிடிக்குள்ளிருக்கும் தோட்டாக்கூட்டைக் கழற்றியதும் அது வெறுமையாகிவிட்டது என்று அறியாதவன் நம்பிவிடுவான். ஆனால் ஒரு தோட்டா குழலின் அடியிலே ஏறி இருந்துகொண்டிருக்கும். அந்த நம்பிக்கையினால் மலாயாவில் ஒரு தோட்டக்காவற்காரன் தன் உள்ளங்கையைத் துளைத்துக்கொண்டதை அவர் கண்டிருந்தார். றிவோல்வரிலோ உருளையைப் பக்கவாட்டில் வெளியே தள்ளியவுடன் ஆறு அறைகளும் கண்ணுக்குத் தெரியும். பார்த்தறியக்கூடியதே தமக்கு வேண்டும் என்றார்.

அளவு பற்றியும் அவருக்கு ஒரு கொள்கை இருந்தது. துப்பாக்கி சிறுக்கச் சிறுக மறைப்பது எளிது, ஆளுவது அரிது. குழல் குறுகினால் முன் குறிக்கும் பின் குறிக்கும் இடையிலுள்ள தூரம் குறையும். கையின் சிறு நடுக்கமும் இலக்கிலே பெரும் பிழையாகும். எடை குறைந்தால் வெடியின் உதைப்பு முழுவதையும் மணிக்கட்டே தாங்கவேண்டும். அன்றியும் குழல் இரண்டங்குலமாயின், எடுக்கும் அவசரத்தில் அது தன் தொடையை நோக்கித் திரும்புவதற்கு ஒரு கணம் போதும். ஆகவே உள்ளங்கைக்குள் ஒளியும் விளையாட்டுப் பொருள் போன்றதை விலக்கி, விரல்கள் முழுவதும் பிடியிற் பதியும் '32' ஒன்றை அவர் தெரிந்தெடுத்தார்.

அதைச் சுமப்பதே பெரும்பாடாயிற்று. முதல் வாரம் வெறும் மடியிற் செருகிப் பார்த்தார். சைக்கிளில் ஏறியபோது அது வேட்டிக்குள் வழுகி முழங்காலுக்கு இறங்கியது. அம்மாமி சிரித்தா, அம்மான் சிரிக்கவில்லை. செருகிய துப்பாக்கியின் விசை துணிமடிப்பில் அகப்பட்டாற் போதும், உயிர் போய்விடும் என்பது அவருக்குத் தெரியும். மறுநாளே யாழ்ப்பாணம் பெரியகடையிலே தோல்வேலைக்காரர் ஒருவரைப் பிடித்துத் தடித்த தோலுறை தைப்பித்தார். உறை விசையை முழுதாக மூடவேண்டும். தலைகீழாகப் பிடித்தாலும் துப்பாக்கி விழலாகாது. மற்றொரு பொருள், ஒரு திறப்புக்கூட, அதனுள் இருத்தலாகாது. இவை அவர் இட்ட நிபந்தனைகள். வேட்டிக்குமேல் அகன்ற இடுப்புவார், வாரிலே உறை, எல்லாவற்றையும் மறைக்க முழங்காலளவு தொங்கும் நஷனல் சட்டை. உறையிலிருந்து எடுத்தாலும் சுடத் துணிந்த கணம்வரை விரல் விசைமேற் போகக்கூடாது என்பதை அவர் மந்திரம்போற் சொல்லுவார். பழைய முறையான றிவோல்வர் நிலத்தில் விழுந்து குதிரையில் அடிபட்டால் வெடித்துவிடும். அதனால் ஆறு அறையில் ஐந்தையே நிரப்பி, குதிரைக்கு நேரே உள்ள அறையை வெறுமையாக விட்டிருந்தார். நம்மூர் உப்புக்காற்றில் இரும்பு ஒரு வாரத்திற் பூத்துவிடும். தேங்காயெண்ணெய் இறுகிப் பிசினாகும் என்று, தையல் இயந்திர எண்ணெயால் நாள்தோறும் துடைப்பார்.

இவ்வளவு கவனமுள்ளவரின் வீட்டிலேதான் அது நடந்தது.

1959ஆம் ஆண்டு ஆவணி. நல்லூர்க் கந்தசுவாமி கோவில் தேர்த்திருவிழா. ஊரிலிருந்து அம்மான் குடும்பத்தார் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தனர். நல்லூரிலே ஆண்கள் மேலாடை களைந்து வேட்டியோடு மட்டுமே உள்ளே போகவேண்டும் என்பதை வாசகர் அறிவர். சட்டை இல்லாத இடத்தில் மறைக்க வழியில்லை; முருகன் சந்நிதிக்கு அதைக் கொண்டுபோக அவர் மனமும் ஒப்பவில்லை. துப்பாக்கியைச் சுமப்பவன் ஒவ்வொரு நாளும் அதைச் சுமக்கமுடியாத ஓர் இடத்துக்கும் போகவேண்டியவனே. அந்த நேரத்தில் அது எங்கே இருக்கும் என்பதை அவர் அதுவரை எண்ணிப் பார்த்திருக்கவில்லை. விடியற்காலை அவசரத்தில் உறையோடு அவிழ்த்துத் தலையணைக்கடியில் வைத்துவிட்டுப் போனார்.

எனக்குப் பன்னிரண்டு வயது. காய்ச்சலென்று என்னையும், எனக்குத் துணையென்று ஏழு வயதுத் தங்கையையும் ஆச்சியோடு வீட்டில் விட்டிருந்தனர். அறைக்குள் போனதும் தலையணையைத் தூக்கியதும் நானே. பிறர்மேல் பழி சொல்ல இடமில்லை. குதிரைக்கு நேரே உள்ள அறை வெறுமை என்பதை நான் கேட்டறிந்திருந்தேன். ஆதலால் ஒருமுறை இழுத்தால் ஒன்றும் நேராது என்று எண்ணினேன். விசையை இழுக்கும்போது உருளை சுழன்று அடுத்த அறை மேலே வரும் என்பதை எனக்கு எவரும் சொல்லவில்லை. வெறுமையான அறை கீழே விழுந்த துப்பாக்கிக்குக் காப்பு. இழுக்கும் விரலுக்கு அது காப்பாகாது.

ரவை தங்கையின் தலைக்கு ஒரு சாண் தள்ளி மண்சுவரில் இறங்கியது. அவள் அழவில்லை, காதைப் பொத்திக்கொண்டு என்னையே பார்த்தாள். திருவிழா வெடியென்று அயலவர் எண்ணினர். ஆச்சி வந்து என் கையிலிருந்ததை வாங்கி அரிசிப் பானைக்குள் போட்டு மூடினா. இன்றைக்கும் என் தங்கைக்கு இடக்காது சற்று மந்தம். நான் வலப்பக்கமாக நின்றே அவளோடு பேசுவது வழக்கமாகிவிட்டது.

அம்மான் என்னை அடிக்கவில்லை. சுவரிலிருந்த துளைக்குள் விரலை விட்டுப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். பிறகு, "தம்பி, நீ செய்த பிழையில்லை, நான் செய்த பிழை" என்றார். அடித்திருந்தால் நான் மறந்திருப்பேன்.

நிற்க. அந்த நாட்களிற் பாடசாலையில் எங்களுக்கு ஆறுமுகநாவலரின் பெரியபுராண வசனம் பாடம். திருக்கோவலூர் மன்னராகிய மெய்ப்பொருள் நாயனாரைப் போரில் வெல்லமாட்டாத முத்தநாதன், திருநீறு பூசிச் சடைமுடி தரித்து, ஏட்டுக்கட்டுக்குள் கத்தியை ஒளித்துவந்து குத்துகிறான். வாயில்காவலன் தத்தன் வாளெடுக்க, வீழ்ந்துகிடந்த நாயனாரே அவனைத் தடுத்து, கொன்றவனைத் தீங்கின்றி ஊரெல்லை கடத்திவிடச் சொல்லுகிறார். ஆசிரியர் அதை அன்பின் எல்லையாக விளக்கினார். எனக்கோ அந்த ஏட்டுக்கட்டே கண்ணில் நின்றது. கத்தி எவ்வளவு பெரிதாயிருந்தாலும் அன்று எவரும் கண்டிருக்கமாட்டார்கள். ஏட்டைச் சோதிக்க யார் துணிவார்?

பாடம் நடந்து சில நாட்களுக்குள், 1959 செப்ரெம்பர் 25ஆந் தேதி காலை, கொழும்பு றொஸ்மீட் பிளேசிலுள்ள தம் இல்லத்தின் விறாந்தையிலே பிரதம மந்திரி எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க சுடப்பட்டார். சுட்டவர் தல்துவே சோமராம தேரர் என்னும் பிக்கு, ஆயுள்வேதக் கண்வைத்தியர். மஞ்சட் காவிக்குள் றிவோல்வர் இருந்தது. பிரதம மந்திரி அவரைக் கண்டதும் மரியாதையோடு வணங்கினார். அக்கருவி '45' வெப்லி. இராணுவத்தினர் இடுப்பில் வெளிப்படையாகத் தொங்கவிடுகின்ற, ஒரு கிலோகிராம் நிறையுள்ள பெருந்துப்பாக்கி. கொழும்புக் கடைக்காரர் மறைப்பதற்கு வசதியென்று புகழ்ந்த தட்டைப் பிஸ்ரலின் அருகே அது உலக்கை. எனினும் எவர் கண்ணிலும் படவில்லை. காவிக்கு முன் தலை குனிந்திருந்தவர்கள் காவியின் மடிப்பை உற்றுநோக்கவில்லை.

அதற்குப் பதினோராண்டுகள் முன்னர், 1948 ஜனவரி 30ஆந் தேதி, டில்லியில் கோட்சே காந்தியடிகளைக் கைகூப்பி வணங்கிய பின்னரே இத்தாலியப் பெரெற்றாவை நீட்டினான். அது உண்மையாகவே சிறியது, சட்டைப்பைக்குள் அடங்குவது. கும்பிடுகின்ற கையினுள்ளும் கொலைக்கருவி இருக்கலாம் என்ற எச்சரிக்கையை வள்ளுவர் கூடாநட்பு என்னும் அதிகாரத்தில் வைத்திருக்கிறார். துப்பாக்கி என்ற பொருளையே அறியாத காலத்தவர் அவர்.

பண்டாரநாயக்க மறுநாள் இறந்தார். இறக்குமுன் நாட்டு மக்களுக்கு விடுத்த செய்தியில், தம்மைச் சுட்டவர்மீது வஞ்சம் தீர்க்காமற் கருணை காட்டும்படி கேட்டிருந்தார். வானொலியில் அதைக் கேட்ட அம்மான் திண்ணையில் எழுந்து நின்றார். 1956இன் சிங்களச் சட்டமும் 1958இன் இரத்தமும் அந்த மனிதரின் ஆட்சிக்காலத்தவை. அம்மான் றிவோல்வர் வாங்கியதே அதன் விளைவு. அவர் பிரதம மந்திரியை மன்னித்தாரென்று நான் எழுதமாட்டேன், எனக்குத் தெரியாது. "நாயனாரின்ரை கதை" என்று மட்டும் சொன்னார். சோமராமருக்கு அந்தக் கருணை கிட்டவில்லை. 1958இல் நிறுத்திவைக்கப்பட்டிருந்த மரணதண்டனை மீட்கப்பட்டு, 1962 ஜூலை 6ஆந் தேதி அவர் தூக்கிலிடப்பட்டார்.

அந்த வாரமே அம்மான் கச்சேரிக்குப் போய்ப் பத்திரத்தையும் றிவோல்வரையும் ஒப்படைத்துவிட்டு வந்தார்.

அவர் கொடுத்துவிட்டு வந்ததை ஊர் கொடுத்துவிடவில்லை. 1975 ஜூலை 27ஆந் தேதி பொன்னாலை வரதராசப் பெருமாள் கோவிலுக்கு வழிபட வந்த யாழ்ப்பாண மேயர் அல்பிறட் துரையப்பா, வாசலில் வைத்துச் சுடப்பட்டார். அதன் பின்னர் வந்த ஆண்டுகளில், சட்டைக்கு வெளியே விட்ட சேட்டுடன் சைக்கிளில் எதிர்ப்பட்ட ஒவ்வோர் இளைஞனின் இடுப்பையும் நாங்கள் பாராததுபோற் பார்க்கக் கற்றுக்கொண்டோம். 'பிஸ்ரல்' என்ற சொல்லை வீட்டுக்குள்ளும் குரல் தாழ்த்தியே சொன்னோம். வேட்டைக்கென வைத்திருந்த நீண்ட துவக்குகளும் ஒவ்வொன்றாக வீடுகளை விட்டுப் போயின. சிலவற்றை இயக்கங்கள் கொண்டுபோயின, சிலவற்றை அரசு கொண்டுபோயிற்று. அம்மான் மனுக் கொடுத்த அந்தக் கச்சேரிக் கட்டடம் போரிற் சிதைந்து சுவர்களாய் நிற்கிறது. 2024ஆம் ஆண்டின் இறுதியிலே, தற்காப்புக்கென வழங்கப்பட்ட துப்பாக்கிகளை மீள ஒப்படைக்குமாறு பாதுகாப்பு அமைச்சு அறிவித்தபோது, அவர் பெயரைச் சொல்லி நானும் தங்கையும் நகைத்துக்கொண்டோம். அறுபத்தைந்து ஆண்டுகள் முந்திவிட்டார்.

தோலுறையை மாத்திரம் அவர் எறியவில்லை. நல்ல தோல், நல்ல தையல். பாக்குவெட்டி அதற்குள் அளவாக அடங்கியது. சாகும்வரை அதை மடியிலே செருகிக்கொண்டுதான் நடந்தார். அவர் சீவித் தரும் பாக்கில் தையல் இயந்திர எண்ணெயின் மணம் கடைசிவரை போகவில்லை.