ஊர் கூடிச் செய்த சர்வர்



"மாமா, போனில் தட்டினதும் பக்கம் பக்கமா வருதே, அதை யார் அனுப்புறாங்க? அந்த சாஃப்ட்வேரை யார் செஞ்சாங்க? காசு வாங்கினாங்களா?" என்று மும்பை சீத்தா கேம்ப்பில் இருக்கும் என் செல்லங்களில் ஒருத்தி கேட்டிருக்கிறாள். ஆறாம் வகுப்புப் பிள்ளை. ஒரே மூச்சில் மூன்று கேள்வி! நாள் முழுக்கப் போனைத் தட்டும் பெரியவர்கள் எத்தனையோ பேருக்கு இப்படிக் கேட்கத் தோன்றுவதில்லை. உனக்குத் தோன்றியதே, சபாஷ்!

முதல் கேள்வியை முதலில் பார்ப்போம். மான்குர்டு ஸ்டேஷன் வாசலில் நின்று நீ ஒரு பக்கத்தைத் தட்டுகிறாய். உன் போன் எங்கோ தூரத்தில் இருக்கும் ஒரு கம்ப்யூட்டரிடம், "இந்தப் பக்கம் வேண்டும்" என்று கேட்கிறது. அந்தக் கம்ப்யூட்டர் ராப்பகலாக விழித்திருக்கும். கேட்டதைத் தேடி எடுத்து அனுப்பும். அதுதான் சர்வர். அந்த வேலையைச் செய்யும் சாஃப்ட்வேரையும் சர்வர் என்றே சொல்வார்கள்.

அப்படிப்பட்ட சர்வர்களில் பேர்போன ஒன்று அப்பாச்சி. அதன் கதை உன் மீதிக் கேள்விகளுக்கும் பதில் சொல்லும்.

அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ராப் மெக்கூல் என்ற இளைஞர் ஒரு சர்வர் எழுதினார். உலகமே அதை எடுத்துப் பயன்படுத்தியது. 1994-இன் நடுவில் அவர் அங்கிருந்து போய்விட்டார். அதில் பழுது வந்தால் பார்க்க ஆள் இல்லை. பயன்படுத்தியவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? அவரவர் கண்ட பழுதை அவரவரே சரிசெய்து வைத்துக்கொண்டார்கள். ஒருவர் சரிசெய்தது இன்னொருவருக்குத் தெரியாது. எவ்வளவு வீண் உழைப்பு!

1995 பிப்ரவரி முடிவதற்குள் எட்டுப் பேர் ஈமெயில் வழியாகச் சேர்ந்துகொண்டார்கள். பிரையன் பெலண்டார்ஃப், ராய் ஃபீல்டிங் என்ற இருவர் அந்த எட்டில் உண்டு. எல்லாத் திருத்தங்களையும் ஒன்றாகத் தைத்து, அதே ஏப்ரலில் முதல் பதிப்பை வெளியிட்டார்கள். 1995 டிசம்பர் 1-ஆம் தேதி 1.0 பதிப்பு வந்தது. 1996-இல் உலகில் அதிகம் ஓடும் வெப் சர்வர் அதுதான். காசு? ஒரு பைசா கிடையாது. யாரும் எடுக்கலாம், உள்ளே திறந்து படிக்கலாம், மாற்றலாம். இதற்குத்தான் ஓப்பன் சோர்ஸ் என்று பெயர்.

இங்கே உனக்கு ஒரு சந்தேகம் வரவேண்டும். வந்ததா? யார் வேண்டுமானாலும் மாற்றலாம் என்றால், ஆளாளுக்குக் கைவைத்துக் கெடுத்துவிட மாட்டார்களா?

ரமலான் மாதத்தில் பள்ளிவாசல் பக்கம் தூக்குவாளியோடு நின்றிருப்பாயே, நோன்புக் கஞ்சி காய்ச்சுவதைப் பார்த்திருக்கிறாயா? ஒருவர் அரிசி கொடுப்பார், ஒருவர் தேங்காய் கொடுப்பார், இன்னொருவர் வெங்காயம் உரித்துத் தருவார். கொடுக்க எல்லோருக்கும் உரிமை உண்டு. வாங்கிக் குடிக்கவும் உண்டு. ஆனால் அண்டாவில் கரண்டி விடுகிறவர்கள் இரண்டு மூன்று பேர்தான். வழியில் போகிற யாரோ ஆசையாக இன்னொரு பிடி உப்பை அள்ளிப் போட்டுவிட்டால், அத்தனை வீட்டுக் கஞ்சியும் போச்சு!

அப்பாச்சியிலும் இதே ஏற்பாடுதான். அதன் ஆரம்ப ஆண்டுகளை மூன்று ஆராய்ச்சியாளர்கள் எண்ணிப் பார்த்தார்கள். ராய் ஃபீல்டிங்கும் அவர்களில் ஒருவர். "இந்த இடத்தில் பழுது" என்று எழுதிப்போட்டவர்கள் 3,000 பேருக்கும் மேல். நிரல் எழுதிக் கொடுத்தவர்கள் ஏறக்குறைய 400 பேர். ஆனால் மொத்த மாற்றங்களில் 80 சதவீதத்துக்கும் மேல் செய்தவர்கள் வெறும் 15 பேர்! நிரல் என்றால் என்ன என்று முழிக்காதே. கோடிங் வகுப்பில் கம்ப்யூட்டருக்கு வரிவரியாகக் கட்டளை எழுதுவார்களே, அதுதான்.

அந்த 15 பேருக்குக் கரண்டி எப்படிக் கிடைத்தது? கேட்டு வாங்க முடியாது, காசுக்கும் கிடைக்காது. தொடர்ந்து நல்ல திருத்தங்களாக அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். ஏற்கெனவே உள்ளே இருப்பவர்கள் அதைப் பார்த்து, தங்களுக்குள் பேசி, "இனி நீங்களே நேராக மாற்றலாம்" என்று அழைப்பார்கள். அப்படி அழைக்கப்பட்டவருக்குக் கமிட்டர் என்று பெயர்.

இதுவரை சரியா? சரி, இப்போது ஒரே ஒரு மாற்றத்தைக் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். இது நிஜமாகவே நடந்த மாற்றம்.

சர்வரோடு பேச ஆரம்பித்த ஒரு போன், நடுவில் சிக்னல் போய் வாயடைத்து நிற்கிறது. சர்வர் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும்? நீண்ட நேரம் காத்திருந்தால் மற்றவர்களுக்கு இடம் இருக்காது. சட்டென்று விட்டுவிட்டால் மெதுவான சிக்னலில் இருக்கும் பாவப்பட்டவர் தவித்துப்போவார். ஆரம்பகால அப்பாச்சி 1,200 நொடி காத்திருந்தது. கணக்குப் போடு பார்க்கலாம்! ஆம், 20 நிமிடம். 1997-இல் வந்த 1.2 பதிப்பில் அதை 300 நொடியாகக் குறைத்தார்கள். 2012-இல் வந்த 2.4 பதிப்பில் 60 நொடி. 20 நிமிடம் ஒரு நிமிடமாகிவிட்டது.

இப்படி ஒரு மாற்றத்தை எழுதி அனுப்புவதற்கு பேட்ச் என்று பெயர். தமிழில் எழுதினால் அது இப்படி இருக்கும்:

− காத்திருக்கும் நேரம் 300
+ காத்திருக்கும் நேரம் 60

கழித்தல் குறி போட்ட வரியை எடுத்துவிடு, கூட்டல் குறி போட்ட வரியை வை. அவ்வளவுதான். முழு நிரலையும் திரும்ப அனுப்ப வேண்டியதில்லை. எது மாறுகிறது என்று படிப்பவருக்கும் பளிச்சென்று தெரியும்.

அப்பாச்சிக் குழுவிடம் இரண்டு அண்டா உண்டு. ஒன்று சோதித்துப் பார்க்கும் அண்டா. அதில் கமிட்டர் முதலில் மாற்றிவிடலாம், மற்றவர்கள் பிறகு சரிபார்ப்பார்கள். மாற்றிய உடனே அது எல்லோருக்கும் ஈமெயிலில் போய்விடும், ஒளித்துச் செய்ய முடியாது. இன்னொன்று ஊருக்குப் பரிமாறும் அண்டா, அதாவது உலகம் பயன்படுத்தும் பதிப்பு. இதில் சட்டம் கடுமை. முதலில் சம்மதம், பிறகுதான் மாற்றம்.

சம்மதத்தை எப்படிக் கேட்பார்கள்? நிரலோடு நிரலாக ஸ்டேட்டஸ் என்று ஒரு கோப்பு இருக்கும். "இந்த மாற்றத்தை உலகப் பதிப்பில் சேர்க்கலாமா?" என்று அதில் ஒருவர் எழுதி வைப்பார். சோதித்துப் பார்த்தவர்கள் கீழே தங்கள் பெயரை எழுதி +1 போடுவார்கள். மூன்று +1 சேர்ந்தால் மாற்றம் உள்ளே போகும். எனக்கு எப்படியும் பரவாயில்லை என்பவர் 0 போடலாம்.

வேண்டாம் என்பவர்? −1 போடலாம். ஒரே ஒரு −1 வந்தாலும் மாற்றம் நின்றுவிடும். எத்தனை +1 இருந்தாலும் சரி! ஆனால் −1 போட்டவர் காரணம் எழுத வேண்டும். "எனக்குப் பிடிக்கவில்லை" என்று எழுதினால் அந்த −1 செல்லாது. "இப்படி மாற்றினால் பழைய கம்ப்யூட்டர்களில் நின்றுவிடும், இதோ நான் ஓட்டிப் பார்த்தது" என்று எழுத வேண்டும். அப்போது மற்றவர்கள் அந்தக் குறையைச் சரிசெய்வார்கள், இல்லையென்றால் வேறு வழி தேடுவார்கள். இந்த விதி எனக்கு ரொம்பப் பிடிக்கும். சத்தம் போடுகிறவர் ஜெயிப்பதில்லை. கூட்டமாக வந்தவர்களும் ஜெயிப்பதில்லை. ஒற்றை ஆளாக இருந்தாலும் சரியான காரணம் சொன்னவர் பேச்சு நிற்கிறது.

இன்னொரு விஷயம். நீ காலை 7 மணிக்குப் பள்ளிக்குக் கிளம்பும்போது கலிபோர்னியாவில் இருக்கும் கமிட்டருக்கு முந்தின நாள் சாயங்காலம். எல்லோரும் ஒரே நேரத்தில் கூடிப் பேச முடியாது. அதனால் புதுப் பதிப்பை வெளியிடுவது போன்ற பெரிய முடிவுகளுக்குக் குறைந்தது 72 மணி நேரம் அவகாசம் கொடுப்பார்கள். தூங்குகிறவர் எழுந்து, பள்ளிக்கூடத்தில் பிள்ளையை விட்டுவிட்டு வந்து, நிதானமாகப் படித்து +1 போடலாம்.

மாற்றங்களை ஒளித்துச் செய்ய முடியாது என்றேன். அதற்கு ஒரு விலக்கு உண்டு. திருடன் நுழையக்கூடிய ஓட்டை ஒன்று சர்வரில் இருப்பதைக் கண்டுபிடித்தால் அதை ஊருக்குச் சொல்லக் கூடாது. குழுவின் தனி முகவரிக்கு ரகசியமாக எழுத வேண்டும். அவர்கள் அடைத்து, திருத்திய பதிப்பை வெளியிட்ட பிறகே விவரம் வெளியே வரும். ஏன் என்று நீயே சொல்லிவிடுவாய்.

"இவர்களுக்குச் சம்பளம் யார் தருவார்கள்?" என்கிறாயா? 1999-இல் அப்பாச்சி அறக்கட்டளை தொடங்கினார்கள். நிரல் எழுதுவதற்கு அறக்கட்டளை யாருக்கும் சம்பளம் தருவதில்லை. பலர் சொந்த ஆசையால் செய்கிறார்கள். சிலருக்கு அவர்கள் வேலை பார்க்கும் கம்பெனி சம்பளம் கொடுத்து இதைச் செய்யச் சொல்கிறது. ஆனாலும் ஓட்டு அந்த ஆளுடையது, கம்பெனியுடையது அல்ல.

இதெல்லாம் அமெரிக்காக்காரர்கள் வேலை என்று நினைத்துவிடாதே. பக்கத்து இலங்கையைப் பார். அப்பாச்சியின் ஆக்சிஸ்2 என்ற சாஃப்ட்வேரில் இலங்கைப் பொறியாளர்களின் பங்கு ரொம்பப் பெரியது. 2004 டிசம்பர் 26-இல் சுனாமி வந்ததே, அப்போது அங்கிருந்த தொண்டர்கள் சேர்ந்து சஹானா என்ற சாஃப்ட்வேரை எழுதினார்கள். காணாமல் போனவர்கள் யார், எந்த முகாமில் எத்தனை பேர், எங்கே என்ன பொருள் தேவை என்று பதிந்துவைக்கும் சாஃப்ட்வேர் அது. அதுவும் ஓப்பன் சோர்ஸ்தான். அதனால் 2005-இல் பாகிஸ்தானில் நிலநடுக்கம் வந்தபோது அவர்களும் அதை எடுத்துப் பயன்படுத்த முடிந்தது.

உன்னாலும் இதில் சேர முடியும், இன்றைக்கே. நிரல் எழுதத் தெரியாவிட்டாலும் பழுதைச் சொல்லலாமே! 3,000 பேர் செய்தது அதைத்தானே? நீ பயன்படுத்தும் ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர் ஏதாவது தகராறு செய்தால் உடனே மூடிவிடாதே. நோட்டை எடு. நான் என்ன செய்தேன், என்ன வரும் என்று நினைத்தேன், என்ன வந்தது என்று மூன்று வரி எழுது. எந்தப் பதிப்பு என்பதையும் கூடவே எழுது. அதை எழுத மறந்தால், உலகத்தின் எந்த மூலையில் இருக்கும் குழுவாக இருந்தாலும் முதலில் உன்னைக் கேட்கப்போவது அதைத்தான்.