காசிக்கு எவ்வழி?
விஸ்வநத்தம் குடும்பங்களின் யாத்திரைக் கேள்வி

சிவகாசியில் கோயில் கொண்டிருக்கும் காசி விஸ்வநாதர், பயணத்தின் நடுவே வழியில் தங்கிவிட்ட பெருமான். தென்காசியைத் தலைநகராகக் கொண்டு 15ஆம் நூற்றாண்டில் ஆட்சி புரிந்த அரிகேசரி பராக்கிரம பாண்டியன், வடகாசி சென்று சிவலிங்கம் ஒன்றைப் பெற்றுத் தன் ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தான். வழியில் வில்வ மரங்கள் அடர்ந்த ஓரிடத்தில் இளைப்பாறினான். மீண்டும் புறப்பட்டபோது, லிங்கத்தைச் சுமந்து வந்த பசு அடி எடுத்து வைக்க மறுத்தது. இறைவனின் திருவுள்ளம் அதுவே என உணர்ந்த மன்னன், லிங்கத்தை அவ்விடத்திலேயே பிரதிஷ்டை செய்தான். அவ்வூரே சிவகாசி ஆயிற்று என்பது ஐதீகம்.

அந்தச் சிவகாசியை ஒட்டி, பெயரிலேயே விஸ்வநாதரை நினைவூட்டிக்கொண்டு நிற்கிறது விஸ்வநத்தம். பட்டாசுத் தொழிலால் வாழும் ஊர். இங்குள்ள முதியோர் பலருக்கும் ஓர் ஆசை உண்டு: கண் மூடுவதற்குள் காசியைக் கண்டுவிட வேண்டும். மகனும் மருமகளும் அழைத்துச் செல்ல முன்வருகிறார்கள். அப்போதுதான் வீட்டில் விவாதம் எழுகிறது. விமானமா, காரா, ரயிலா?

தீபாவளிக்குப் பின் கிடைக்கும் ஓய்வு

நாடெங்கும் கொண்டாடும் தீபாவளியை ஆண்டு முழுதும் உழைத்து உருவாக்கித் தருகின்ற இவ்வட்டாரத்தார்க்கு, அந்தப் பண்டிகை முடிந்த பின்னரே ஓய்வு. ஆலைகள் அடைத்திருக்கும் அந்தச் சில வாரங்களே குடும்பத்தோடு வெளியூர் செல்ல வாய்ப்பான காலம். ஆகவே, தீபாவளியை ஒட்டிய சில நாட்கள் மட்டும் காசியில் தரிசனம் தரும் பொன் அன்னபூரணியைக் காண்பது இவர்களுக்கு அரிது. ஆயினும் ஈசன் இவர்களுக்கென ஒன்றை வைத்திருக்கிறான். தீபாவளி கழிந்த 15ஆம் நாள் பௌர்ணமியன்று காசியின் படித்துறைகள் அனைத்திலும் அகல் விளக்குகள் ஏற்றித் தேவ தீபாவளி கொண்டாடுவார்கள். பிறர் வீட்டு ஒளிக்காக உழைத்தவர்கள், கங்கைக் கரையில் அமர்ந்து தேவர்களின் தீபாவளியைக் காணலாம். அன்று கூட்டம் மிகுதி. தங்குமிடத்தை மாதங்களுக்கு முன்னரே உறுதி செய்துகொள்ள வேண்டும்.

காரில் சென்றால்

பழைய 7ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை வாரணாசியில் தொடங்கி, ஜபல்பூர், நாக்பூர், ஐதராபாத், பெங்களூரு, சேலம், மதுரை, விருதுநகர், சாத்தூர் வழியாகக் கன்னியாகுமரியில் முடிந்தது. நீளம் 2,369 கி.மீ. 2010இல் எண்கள் மாறின. இன்று தென்பகுதிக்கு 44ஆம் எண். அதாவது, விருதுநகரில் நிற்கும் ஒருவர் காசியிலிருந்து வந்த சாலையின் மீதே நிற்கிறார்.

கேட்கவே இனிக்கிறது. ஆனால் விருதுநகரிலிருந்து காசி ஏறத்தாழ 2,200 கி.மீ. முதியோர் உடன் வரும்போது நாளொன்றுக்கு 400 கி.மீ.க்கு மேல் ஓட்டுவது தகாது. அவ்வாறெனில் செல்வதற்கு ஆறு நாட்கள், திரும்புவதற்கு ஆறு நாட்கள். ஒரே ஓட்டுநர் இரவும் பகலும் ஓட்டி நாட்களை மிச்சப்படுத்த எண்ணுவது, குடும்பம் முழுவதையும் ஆபத்தில் வைப்பதாகும். தொடர்ந்து மடக்கிய காலுடன் அமர்ந்திருந்தால் கால் நரம்புகளில் இரத்தம் உறையவும் கூடும். இரண்டு மணிக்கொரு முறை இறங்கி நடப்பது அவசியம்.

காரின் சிறப்பு சுதந்திரம். நினைத்த இடத்தில் நிறுத்தலாம், வழியிலுள்ள தலங்களைத் தரிசிக்கலாம். ஆனால் காசியை அடைந்த பின் அக்கார் பயன்படாது. கோயிலைச் சுற்றியுள்ள சந்துகளில் கார் நுழையாது. எங்கோ நிறுத்திவிட்டு நடக்கத்தான் வேண்டும்.

விமானத்தில் சென்றால்

சிவகாசியிலிருந்து மதுரை விமான நிலையம் ஏறத்தாழ 70 கி.மீ. அங்கிருந்து சென்னை, பெங்களூரு அல்லது ஐதராபாத் சென்று வேறு விமானம் மாறி வாரணாசி செல்லலாம். வாரணாசி விமான நிலையம் நகரிலிருந்து 25 கி.மீ. தொலைவில் பாபத்பூரில் உள்ளது. காலையில் வீட்டில் விளக்கேற்றிப் புறப்பட்டவர், விமானங்கள் நேரம் பொருந்தினால் அன்றிரவே கங்கைக் கரையில் இருக்கலாம். முழங்கால் வலி உடையோருக்கு இதைவிட எளிய வழி இல்லை. சக்கர நாற்காலி வேண்டுமென்றால் பயணச்சீட்டு பதியும்போதே கேட்டுவிட வேண்டும்.

கவனிக்க வேண்டியவையும் உண்டு. பறக்கும் விமானத்தினுள் காற்றழுத்தம், கொடைக்கானல் போன்றதொரு மலை மீது இருப்பதற்கு ஒப்பானது. நல்ல உடல்நிலையில் இருப்பவருக்கு இது தெரியாது. அண்மையில் மாரடைப்பு வந்தவர்கள், அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், நுரையீரல் நோயுள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் பறக்கலாகாது. மாத்திரைகளும் மருத்துவரின் சீட்டும் கைப்பையில் இருக்க வேண்டும். ஒப்படைக்கும் பெட்டியில் அல்ல.

பூஜைப் பொருள்களிலும் எச்சரிக்கை தேவை. கர்ப்பூரம், தீப்பெட்டி, பட்டாசு மூன்றும் கைப்பையிலும் கூடாது, பெட்டியிலும் கூடாது. வட இந்திய நண்பருக்கு அன்பளிப்பாக ஊர்ப் பட்டாசு கொண்டு செல்லும் எண்ணத்தை இவ்வூர் அன்பர்கள் அடியோடு விட்டுவிட வேண்டும். ஆலைக்கு எடுத்துச் சென்ற பையையோ, வேலையின்போது உடுத்திய ஆடையையோ யாத்திரைக்கு எடுக்காதிருப்பதும் நலம். வெடிமருந்துத் துகளைக் கண்டறியும் சோதனை விமான நிலையங்களில் உண்டு. தேங்காய்க்கும் கட்டுப்பாடு உண்டு. சபரிமலை அன்பர்கள் இருமுடித் தேங்காயைக் கைப்பையில் கொண்டு செல்ல 2024 அக்டோபரில் அளிக்கப்பட்ட அனுமதி, 2025 ஜனவரி 20 வரைக்குமான தனிச் சலுகையே. தேங்காயையும் கர்ப்பூரத்தையும் காசியிலேயே வாங்கிக்கொள்ளலாம்.

டிசம்பர் பாதிக்குப் பின் வடநாட்டில் மூடுபனி இறங்கும். விமானமும் ரயிலும் பல மணி நேரம் தாமதமாகும். நவம்பரில் போய்த் திரும்புவதே முதியோருக்கு உகந்தது.

ரயிலில் சென்றால்

காரின் களைப்பும் விமானத்தின் அவசரமும் இல்லாத நடுவழி ரயில். கன்னியாகுமரியிலிருந்து மதுரை, சென்னை வழியாகப் பனாரஸ் செல்லும் காசி தமிழ்ச் சங்கமம் விரைவு ரயில் 2023 டிசம்பர் 17 அன்று தொடங்கி வைக்கப்பட்டது. இராமேஸ்வரத்திலிருந்தும் பனாரஸுக்கு வாராந்திர ரயில் உண்டு. ஏறக்குறைய இரண்டு நாள் பயணம். காலை நீட்டிப் படுக்கலாம், எழுந்து நடக்கலாம், கழிப்பறை அருகில் உண்டு. 60 வயது நிறைந்த ஆண்களுக்கும் 45 வயது நிறைந்த பெண்களுக்கும் கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு இருக்கிறது. முன்பு கிடைத்த மூத்த குடிமக்கள் கட்டணச் சலுகை மட்டும் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டுவிட்டது.

ரயிலில் அடுப்பும் பட்டாசும் அறவே கூடாது. 2023 ஆகஸ்ட் 26 அதிகாலை, மதுரை ரயில் நிலையம் அருகே நிறுத்தி வைத்திருந்த சுற்றுலாப் பெட்டியில், உத்தரப் பிரதேசத்திலிருந்து தெற்கே யாத்திரை வந்திருந்தவர்கள் வைத்திருந்த எரிவாயு உருளையால் தீப்பற்றி 9 பேர் உயிரிழந்தனர். நெருப்பின் குணம் அறிந்த இவ்வட்டாரத்தாருக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

வசதி குறைந்தவர்களும் மனம் தளர வேண்டாம். 60 முதல் 70 வயது வரையுள்ள பக்தர்களை இந்து சமய அறநிலையத் துறை அரசுச் செலவில் இராமேஸ்வரத்திலிருந்து காசிக்கு அழைத்துச் செல்கிறது. 2022-23இல் 200 பேர் சென்றனர். 2024-25இல் 420 பேர். கோயில் அலுவலகத்தில் விசாரித்து விண்ணப்பிக்கலாம்.

மரபு சொல்லும் வழி

காசி யாத்திரை என்பது காசியோடு முடிவதன்று. இராமேஸ்வரத்தில் சேதுக்கரை மணலை எடுத்துச் சென்று பிரயாகைத் திரிவேணியில் கரைத்து, காசியில் விஸ்வநாதரைத் தரிசித்து, கயையில் முன்னோருக்குப் பிண்டமிட்டு, திரிவேணித் தீர்த்தத்தைக் கொணர்ந்து இராமநாதருக்கு அபிஷேகம் செய்து நிறைவு செய்வதே மரபு. காசியிலிருந்து பிரயாகை ஏறத்தாழ 125 கி.மீ., கயை 250 கி.மீ. விமானத்தில் சென்றாலும் இந்தச் சாலைப் பயணம் தவிராது. விமானத்தால் மிச்சமாகும் நாட்களை இங்கே ஓய்வுக்கு ஒதுக்காவிட்டால், வானில் கிடைத்த சுகம் மண்ணில் தொலைந்துவிடும்.

ஆகவே, பல குடும்பங்களுக்கும் பொருந்துவது இதுவே: போகும்போது ரயில், திரும்பும்போது உடல் களைத்திருப்பதால் விமானம். நன்கு மூடி முத்திரையிட்ட தீர்த்தச் செம்பை ஒப்படைக்கும் பெட்டியில், துணிகளுக்கு நடுவே வைத்துவிடலாம்.

முடிவு யாருடையது?

இந்த விவாதத்தில் பெரும்பாலும் பணமும் விடுமுறை நாட்களுமே பேசப்படுகின்றன. எவருக்காக யாத்திரையோ அவரைக் கேட்பதில்லை. பிள்ளைகளுக்குச் சுமையாகிவிடக் கூடாதே என்று பாட்டி தன் மூச்சுத் திணறலை மறைப்பாள். செலவு மிகுமே என்று தாத்தா காரே போதும் என்பார். குடும்பத்தில் மூத்தவரின் முழங்காலும் இதயமும் சிறுநீர்ப்பையும் எதைத் தாங்குமோ, அதுவே சரியான வாகனம். மருத்துவரைப் பார்த்த பின்னரே பயணச்சீட்டு எடுக்க வேண்டும்.

மருத்துவர் எந்த வழியும் வேண்டாம் என்று சொல்லிவிட்டால்? அப்போது அந்தப் பசுவை நினைக்க வேண்டும். மன்னனின் எண்ணம் தென்காசி. இறைவனின் எண்ணம் வேறு. பசுவை அடித்து ஓட்ட மன்னன் முனையவில்லை. நின்ற இடத்திலேயே கோயில் எழுப்பினான். பிள்ளைகள் காசி சென்று தீர்த்தம் கொண்டுவரட்டும். பெரியவர்கள் சிவகாசி விஸ்வநாதர் சந்நிதியில், விசாலாட்சி அம்மன் அருகில் இருந்தபடி அதைப் பெற்றுக்கொள்ளட்டும். நடக்க முடியாதவர்களுக்காகவே காசியிலிருந்து பாதி வழி கடந்து, ஊர் எல்லைக்கே வந்து அமர்ந்திருக்கிறான் ஈசன். அவன் திருவருள் இரு காசியிலும் ஒன்றே!