கும்பகோணத்துப் பெட்டிக்குச் சென்னையிலிருந்து அப்டேட்

ஓடிக்கொண்டிருக்கிற சர்வரில் கை வைக்காதே என்று எங்கள் தொழிலில் ஒரு பேச்சு உண்டு. சென்னையில் ஓர் அலுவலகத்தின் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்கிறவள் நான். அந்தப் பேச்சுக்குப் பின்னால் இருக்கும் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் வீட்டில் இருக்கும் மீடியா சர்வர் விஷயத்தில் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். சர்வர் ஓர் ஊரிலும் நாம் இன்னோர் ஊரிலும் இருக்கும்போது, அப்டேட்டைத் தள்ளிப்போடுவதுதான் ஆபத்து.

எங்கள் பெட்டி கும்பகோணத்தில், அம்மா இருக்கும் வீட்டில், மாடிப்படிக்குக் கீழே இன்வெர்ட்டருக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஸினாலஜி நிறுவனத்தின் டிஎஸ்220 பிளஸ். இப்படிப்பட்ட பெட்டியை நாஸ் என்பார்கள். திரையும் கீபோர்டும் இல்லாமல் நாள் முழுக்க ஓடுகிற, சேமிப்பதற்கென்றே செய்த சின்னக் கம்ப்யூட்டர். அப்பா வீடியோ கேசட்டில் வைத்திருந்த கல்யாணங்கள், 2004 மகாமகத்தின்போது எடுத்த காட்சிகள், பெரியப்பாவின் சஷ்டியப்தபூர்த்தி எல்லாம் டிஜிட்டலாகி அதில் இருக்கின்றன. அவற்றை அம்மாவின் டிவிக்கும், சிங்கப்பூரில் இருக்கும் தம்பியின் போனுக்கும் எடுத்துக் கொடுப்பது பிளெக்ஸ் என்ற மீடியா சர்வர் மென்பொருள். 2018 டிசம்பரில் எம்பி என்ற இன்னொரு மீடியா சர்வரிலிருந்து பிரிந்து வந்த ஜெல்லிஃபின் இதே வேலையை இலவசமாகச் செய்யும். எதை வைத்திருந்தாலும் இங்கே சொல்வது பொருந்தும்.

வீட்டுப் படம் பார்க்கிற மென்பொருளில் என்ன பாதுகாப்புப் பிரச்சினை வந்துவிடப் போகிறது என்று கேட்பவர்களுக்கு நான் லாஸ்ட்பாஸ் கதையைத்தான் சொல்வேன். பாஸ்வேர்டுகளைப் பாதுகாத்துத் தரும் நிறுவனம் அது. 2022-ல் அங்கே பெரிய திருட்டு நடந்தது. முக்கியமான சாவிகளைத் தொடும் உரிமை அங்கே நான்கு பொறியாளர்களுக்கு மட்டும்தான் இருந்தது. திருடர்கள் நிறுவனத்தின் வாசலை விட்டுவிட்டு, அந்த நால்வரில் ஒருவருடைய வீட்டுக் கம்ப்யூட்டருக்குள் புகுந்தார்கள். வழி கொடுத்தது அதில் ஓடிக்கொண்டிருந்த பழைய பிளெக்ஸ் சர்வர். அந்த ஓட்டையை அடைத்த பதிப்பு 2020 மே மாதமே வந்துவிட்டது. அதன் பிறகு எழுபதுக்கும் மேற்பட்ட பதிப்புகள் வெளியான பிறகும் அந்தக் கம்ப்யூட்டரில் அப்டேட் நடக்கவில்லை. அவர் தட்டிய ஒவ்வொரு எழுத்தையும் திருடர்கள் படித்தார்கள். வாடிக்கையாளர்களின் பாஸ்வேர்டுப் பெட்டக நகல்கள் வரை திருட்டு போயிற்று.

பழைய பதிப்பில் மட்டும்தான் ஓட்டை இருக்கும் என்பதும் இல்லை. 2025 ஆகஸ்ட்டில் 1.41.7 முதல் 1.42.0 வரையிலான பதிப்புகளில் ஒரு பாதுகாப்புக் குறை தெரியவந்து, உடனே 1.42.1-க்கு மாறச் சொல்லி பிளெக்ஸே தன் பயனர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பியது. அன்று மாலையே நான் அம்மாவுக்குப் போன் செய்தேன்.

அப்டேட்டில் எது மாறுகிறது, எது மாறுவதில்லை என்பது புரிந்துவிட்டால் பாதி பயம் போய்விடும். ஒரு நூலகத்தை எடுத்துக்கொள்வோம். படக் கோப்புகள் அலமாரியில் இருக்கும் புத்தகங்கள். மென்பொருள்தான் நூலகர். எந்தப் புத்தகம் எங்கே இருக்கிறது, யார் எதுவரை படித்தார் என்று நூலகர் எழுதி வைத்திருக்கும் பதிவேடு மூன்றாவது. அப்டேட்டில் நூலகர் மாறுகிறார். புத்தகங்களை யாரும் தொடுவதில்லை. கவலைப்பட வேண்டியது பதிவேட்டைப் பற்றித்தான். ஏனென்றால் புது நூலகர் வந்ததும் முதல் வேலையாகப் பல சமயம் அதைத் தன் முறைக்கு மாற்றி எழுதுவார்.

இந்த மாற்றி எழுதும் நேரத்தில்தான் விபத்து நடக்கிறது. அப்டேட் முடிந்ததும் ஆப்பைத் திறந்தால் சர்வரைக் காணோம் என்று வரும். ஐந்து நிமிடம் பார்ப்பார்கள், பத்து நிமிடம் பார்ப்பார்கள். பொறுமை இழந்து பெட்டியையே ரீஸ்டார்ட் செய்துவிடுவார்கள். உள்ளே பதிவேடு பாதி எழுதிய நிலையில் நின்று கெட்டுப்போகும். பெரிய சேகரிப்பாக இருந்தால் இந்த வேலை வெகு நேரம் எடுக்கலாம். ஹார்டு டிஸ்க் விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும் வரை விட்டுவிட வேண்டும்.

இன்னொன்று, புதுப் பதிப்பு மாற்றி எழுதிய பதிவேட்டைப் பழைய பதிப்பு பெரும்பாலும் படிக்காது. அதனால் பிடிக்கவில்லை, பழசுக்கே போகலாம் என்றால் பழைய பதிவேட்டின் நகலும் கையில் இருக்க வேண்டும். பிளெக்ஸ் தானாகவே மூன்று நாளுக்கு ஒருமுறை நகல் எடுக்கிறது. ஆனால் நாம் இடம் மாற்றிச் சொல்லாவிட்டால் அந்த நகலும் மூலத்தோடு அதே ஹார்டு டிஸ்க்கில்தான் கிடக்கும். நான் சர்வரை நிறுத்திவிட்டு, பதிவேடு இருக்கும் முழு ஃபோல்டரையும் பெட்டியில் செருகிய யூஎஸ்பி டிஸ்க்குக்கு எடுத்த பிறகே அடுத்த பொத்தானை அழுத்துவேன்.

நாள் பார்ப்பதும் முக்கியம். நான் பார்ப்பது மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அறிவிப்பை. காலை ஒன்பது மணிக்கு மின்சாரத்தை நிறுத்தினால் சாயங்காலம்தான் வரும். அந்த நாள் வேண்டாம். இரவும் வேண்டாம். அம்மா விழித்திருக்கிற நேரம், பக்கத்து வீட்டுப் பையனும் இருக்கிற நேரம், ஞாயிறு முற்பகல்.

பெட்டிக்குள் நான் போவது டெயில்ஸ்கேல் வழியாக. இரண்டு ஊரிலும் உள்ள கருவிகளைத் தனி வழியில் இணைக்கும் விபிஎன் அது. ரவுட்டரில் 32400 என்ற போர்ட்டைத் திறந்து வைத்து சர்வரை ஊருக்கே காட்டுவதில் எனக்குச் சம்மதமில்லை. நம் ஊரில் பல இணைய இணைப்புகளில் ஒரே பொது முகவரியைப் பல வீடுகள் பகிர்வதால், திறந்தாலும் பல சமயம் வேலை செய்யாது.

உள்ளே போனதும் முதலில் யாராவது படம் பார்க்கிறார்களா என்று பார்ப்பேன். தம்பி பார்த்துக்கொண்டிருந்தால் முடிகிற வரை காத்திருப்பேன். பிறகு பிளெக்ஸ் தளத்திலிருந்தே கோப்பை எடுப்பேன். ஸினாலஜியின் சொந்தப் பேக்கேஜ் சென்டரில் இருப்பது பெரும்பாலும் பின்தங்கிய பதிப்பாக இருக்கும். எங்கள் பெட்டியில் இன்டெல் சிப், அதனால் இன்டெல் 64-பிட்டுக்கான எஸ்பிகே என்ற இன்ஸ்டால் கோப்பு. சில மாடல்களில் ஏஆர்எம் சிப் இருக்கும், அதற்குக் கோப்பு வேறு. பேக்கேஜ் சென்டரில் மேனுவல் இன்ஸ்டால் கொடுத்தால் பழையதன் மேலேயே புதிது ஏறிக்கொள்ளும். பழையதை அன்இன்ஸ்டால் செய்யக் கூடாது. தரவையும் சேர்த்து அழிக்கவா என்று அங்கே ஒரு கேள்வி வரும், தவறி டிக் செய்தால் பதிவேடு மொத்தமும் போய்விடும்.

முடிந்ததா என்று என் லேப்டாப்பில் பார்த்து நான் திருப்திப்படுவதில்லை. அம்மாவின் டிவியில் பார்க்க வேண்டும்.

"அம்மா, சித்தி கல்யாணத்தைப் போடு."

"சுத்துதுடி... சுத்திக்கிட்டே இருக்கு. ஆங், வந்துடுச்சு. நாதஸ்வரம் கேக்குது."

"கொஞ்சம் தள்ளி, தாலி கட்டுற இடத்துக்குப் போ பாப்போம்."

நடுவில் தாவச் சொல்வது சும்மா இல்லை. ஆரம்பம் ஓடி, நடுவில் தாவினால் நிற்கிற கோளாறும் உண்டு. பழைய கேசட்டிலிருந்து எடுத்த வீடியோவை டிவிக்கு ஏற்ற வடிவத்துக்குச் சர்வர் அந்த நிமிடமே மாற்றிக் கொடுக்கிறது. அந்த மாற்றம் சரியாக நடக்கிறதா என்பது அங்கேதான் தெரியும்.

பெட்டியின் இயங்குதளமான டிஎஸ்எம்மை இந்தக் கணக்கில் நான் சேர்ப்பதில்லை. மீடியா சர்வர் அப்டேட் கெட்டால் படம் மட்டும்தான் ஓடாது, பெட்டிக்குள் போய்ச் சரிசெய்யலாம். டிஎஸ்எம் அப்டேட்டில் பெரும்பாலும் பெட்டியே அணைந்து எழும், அதன்மேல் ஓடும் டெயில்ஸ்கேலும் கூடவே அணையும். எழாவிட்டால் போகிற வழியே இல்லை. பூட்டி வைத்த ஃபோல்டர் இருந்தால், நாம் வேறு ஏற்பாடு செய்திராவிட்டால், மறுபடி சாவி கொடுக்கும் வரை திறக்காது. 2021-ல் டிஎஸ்எம் 7 வந்தபோது பேக்கேஜ்களுக்கு இருந்த முழு அதிகாரத்தை ஸினாலஜி எடுத்துவிட்டது. நல்ல மாற்றம். ஆனால் வீடியோ ஃபோல்டரைப் படிக்க பிளெக்ஸுக்குத் தனியாக அனுமதி கொடுக்காதவர்களுக்கு, படமெல்லாம் காணாமல் போனதுபோல் தெரிந்தது. அனுமதி கொடுத்ததும் எல்லாம் வந்துவிடும், எதுவும் அழிந்திருக்காது.

அதனால் டிஎஸ்எம்மின் பெரிய பதிப்பு மாற்றங்களை நான் ஊருக்குப் போகும்போது வைத்துக்கொள்கிறேன். அவசரப் பாதுகாப்புத் திருத்தம் வந்தால் மட்டும் காத்திருப்பதில்லை. அன்று அம்மா மாடிப்படிக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து, பெட்டியின் நீல விளக்கு மினுக்குவதை நிறுத்தி நிலையாக எரிகிறதா, பீப் சத்தம் வந்ததா என்று போனில் சொல்வார். மின்சாரம் போய்த் திரும்பினால் பெட்டி தானே எழும்படி கண்ட்ரோல் பேனலில் ஒரு வசதி உண்டு. வெளியூரில் பெட்டி வைத்திருப்பவர்கள் அது ஆன் ஆகியிருக்கிறதா என்று இன்றே பார்த்துவிடுங்கள்.