வீட்டுப் பட்டறைக்கு ஏற்ற காற்றழுத்த யந்திரம்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்கள் தோல் தொழிலுக்குப் பெயர் பெற்றவை என்பதை யாவரும் அறிவர். அங்குள்ள ஆலைகளைச் சார்ந்து, வீட்டுக் கொட்டகையிலேயே செருப்பும் பணப்பையும் இடுப்புவாரும் செய்து பிழைக்கும் குடும்பங்களும் உண்டு. தோலின்மீது வர்ணத்தைச் சீராகத் தெளிப்பதற்குக் ‘கம்ப்ரஸர்’ எனப்படும் காற்றழுத்த யந்திரம் அவர்களுக்குத் தேவைப்படுகிறது. விசைத்தறியில் படியும் பஞ்சுத் தூசியை ஊதிக் களைய நெசவாள அன்பர்களும் இதனை நாடுகின்றனர். கடன் வாங்கி யந்திரம் வாங்குவோர் பொருத்தமற்றதை வாங்கிவிட்டால், யந்திரம் மூலையில் கிடக்கும். தவணை மட்டும் நிற்காது.

பலர் தொட்டியின் பருமனைக் கண்டு மயங்குகின்றனர். கணக்கிட்டுப் பார்ப்போம். 50 லிட்டர் தொட்டியில் அழுத்தம் 8 பாரிலிருந்து 4 பாருக்கு இறங்கும்போது நமக்குக் கிடைக்கும் காற்று ஏறத்தாழ 200 லிட்டரே. தெளிப்பான் நிமிடத்துக்கு 150 லிட்டர் உண்ணுமாயின், தொட்டியின் சேமிப்பு 80 விநாடியில் தீர்ந்துபோகும். அதன் பின்னர் வேலையைத் தாங்குவது, யந்திரம் நிமிடந்தோறும் புதிதாக அளிக்கும் காற்றேயன்றித் தொட்டியன்று.

ஆகையால், முதலில் தெளிப்பானுக்கு வேண்டிய காற்றின் அளவை அறிதல் வேண்டும். அதைப்போல் ஒன்றரை மடங்கு அளிக்கும் யந்திரமே ஏற்றது. விலைப் பட்டியலில் பிஸ்டனின் கொள்ளளவைக் குறித்திருப்பார்கள். உண்மையில் வெளிவரும் காற்று அதைவிடக் குறைவு. எனவே, “வெளிவரும் காற்று நிமிடத்துக்கு எத்தனை கன அடி?” என்றே கடைக்காரரிடம் கேட்க வேண்டும். ஒரு கன அடி என்பது சுமார் 28 லிட்டர். மோட்டாருக்கு ஏற்ற மின் இணைப்பு வீட்டில் உள்ளதா என்பதையும் முன்னரே உறுதி செய்துகொள்வது நலம்.

அழுத்தப்பட்ட காற்றிலுள்ள ஈரம் தொட்டியின் அடியில் நீராகத் தங்குகிறது. அந்நீர் குழாய் வழியே வந்து தோலில் விழுந்தால் வர்ணம் கெடும்; தொட்டியிலேயே தங்கினால் இரும்பு உள்ளிருந்து துருப்பிடிக்கும். ஆதலால் நாள்தோறும் வேலை முடிந்ததும் அழுத்தத்தைக் குறைத்து, அடித்திருகைத் திறந்து நீரை வடிக்க வேண்டும். தெளிப்பானுக்கு முன்னால் நீர்வடிகட்டியும் அவசியம்.

அண்மையில் ஓர் அன்பரின் கொட்டகையில், மலிவாகக் கிடைத்ததென்று வாங்கிய பழைய தொட்டியொன்றைக் கண்டோம். துருவேறிய இடத்தில் பற்றவைத்து ஒட்டுப் போட்டிருந்தார்கள். அருகே குழந்தைகள் விளையாடிக்கொண்டிருந்தனர். துருவால் மெலிந்த தொட்டி ஒருநாள் வெடிக்கக்கூடும். அதனை ஒட்டுப் போட்டுக் காக்க இயலாது என்று எடுத்துரைத்தோம். அவரும் உடனே யந்திரத்தை நிறுத்திவிட்டார். பழையது வாங்குவோர் தொட்டியை நீரழுத்தச் சோதனை செய்வித்து, காப்பு வால்வு இயங்குவதையும் பார்த்த பின்னரே பணம் கொடுக்கட்டும்.

வர்ணத்தின் ஆவி தீப்பற்றக்கூடியது. மோட்டாரின் சுவிட்சிலோ பொறி எழும். எனவே யந்திரத்தைத் தெளிக்கும் இடத்திலிருந்து விலக்கி, நிழலும் காற்றோட்டமும் உள்ள இடத்தில் வைப்பீர்களாக. காற்றை ஒருபோதும் உடல்மீது ஊதலாகாது.

தனியொருவரால் வாங்க இயலாத நல்ல யந்திரத்தை அண்டை வீட்டார் நால்வர் கூடி வாங்கலாம், முறைவைத்துப் பயன்படுத்தலாம். கூட்டுறவின் பயன் இதுவன்றோ!