கிராணி கையில் செக்ரோல்

சென்ற வாரம் ஒரு ஃபங்ஷனுக்குள் இன்னொரு ஃபங்ஷன் எழுதினோம். உள்ளே இருப்பதை வெளியிலிருந்து பெயர் சொல்லி அழைத்தால் ஜாவாஸ்கிரிப்ட் ‘ரெஃபரன்ஸ் எரர்’ என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. “எழுதியதே நான்தானே, எனக்கே ஏன் எட்டவில்லை?” என்று கேட்கிறார் ரந்தாவ் வாசகர் ஒருவர். அவருடைய தாத்தா லின்சம் தோட்டத்தில் ரப்பர் மரம் சீவியவராம். அப்படியானால் பதிலையும் தோட்டத்திலிருந்தே சொல்லிவிடலாம்.

காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பேர் கொடுத்து, பால் நிறுத்து முடிந்தால் கணக்கு செக்ரோல் என்ற பதிவேட்டில் ஏறும். செக்ரோல், ஆபீஸ் கணக்கரான கிராணியின் மேசையில் கிடக்கும். உழைத்தவரே ஆனாலும் ஆபீசுக்குள் போய் ஏட்டைப் புரட்ட முடியாது. ஜன்னலருகே நின்று கேட்டால் கிராணி பார்த்துச் சொல்வார். ஜாவாஸ்கிரிப்டில் அந்த ஜன்னலைத் திறந்துவைப்பது ‘ரிட்டர்ன்’.

செய்து பார்ப்போம். ‘செக்ரோல்’ என்று ஒரு ஃபங்ஷன் எழுதுங்கள். (பெயரைத் தமிழிலேயே வைக்கலாம், ஜாவாஸ்கிரிப்ட் ஏற்றுக்கொள்ளும். பலருக்கு இது தெரிவதில்லை.) அதற்குள் ‘மொத்தம்’ என்ற மாறி, மதிப்பு 0. கூடவே இரண்டு சிறு ஃபங்ஷன்கள்: கிலோவை வாங்கி மொத்தத்தில் கூட்டும் ‘பதி’, மொத்தத்தைத் திருப்பித் தரும் ‘சொல்’. கடைசி வரியில் இவ்விரண்டையும் ஓர் ஆப்ஜெக்டில் வைத்து ரிட்டர்ன் செய்யுங்கள். அழைக்கும்போது வருவதைப் ‘பழையகாடு’ என்ற மாறியில் பிடித்துக்கொண்டு, பழையகாடு புள்ளி பதி என்று 32, பிறகு 28 கொடுங்கள். ‘சொல்’லைக் கூப்பிட்டால் 60 வரும். ‘மொத்தம்’ என்று நேராகக் கேட்டால் பழைய எரர்தான்.

வாசகரின் குழப்பத்துக்கு வேர் இங்கேதான். செக்ரோல் ஓடும்வரை ‘பதி’ என்று ஒன்று பிறக்கவே இல்லை. ஒவ்வொரு முறை ஓடும்போதும் புதிதாக ஒன்று பிறக்கிறது. ‘புதுக்காடு’ என்று இன்னொரு முறை அழைத்துப் பாருங்கள்: அதன் மொத்தம் 0, பழையகாட்டின் 60 அப்படியே இருக்கும். வெளியிலிருந்து வெறுமனே ‘பதி’ என்றால் எந்தக் காட்டுப் பதியை எடுத்துக் கொடுப்பது?

செக்ரோல் ஓடி முடிந்த பிறகும் மொத்தம் அழியாமல் நிற்பதற்குப் பெயர் குளோஷர். பிரெண்டன் ஐக் 1995 மே மாதம் 10 நாளில் இந்த மொழிக்கு முதல் வடிவம் கொடுத்தபோது, 1975இல் பிறந்த ஸ்கீம் மொழியிடமிருந்து வாங்கிய குணம் இது. அவசரத்தில் நுழைந்த கோளாறுகள் நிறைய. இது மட்டும் சொத்து. 2015இல் மாட்யூல் வந்த பிறகு கோப்பே ஆபீசாகிவிட்டது. எதை வெளியே விடுவது என்பதை ‘எக்ஸ்போர்ட்’ பார்த்துக்கொள்கிறது.

உள் ஃபங்ஷனை வெளியே உள்ள பொது மாறியில் மாட்டிவிடும் குறுக்குவழியும் உண்டு. வேலை நடக்கும், ஆனால் புதுக்காட்டுக்காக மறுபடி அழைத்ததும் பழையகாட்டுப் பதி மாறியிலிருந்து போய்விடும். நான் அதைத் தொடமாட்டேன். உள் ஃபங்ஷன் வெளி ஃபங்ஷனின் மாறி எதையும் தொடவில்லையா? அப்படியானால் அதை உள்ளே வைத்ததே வீண். வெட்டியெடுத்து வெளியே எழுதிவிடுங்கள்.